இண்டெக்ஸை வரிசைப்படுத்துதல்: குள்ளஞ்சாவடிக்குப் பிறகுதான் குறிஞ்சிப்பாடி

பாண்டாஸ் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களின் தொகுப்புதான் இண்டெக்ஸ். சென்ற அத்தியாயத்தில் செட்_இண்டெக்ஸ் மூலம் தாலுகாப் பெயரை இண்டெக்ஸ் ஆக்கினோம். இந்த அத்தியாயம் அந்தப் பெயர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதைப் பற்றியது. எளிய வேலைதான், ஒரே ஒரு கட்டளை. ஆனால் தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் வரும் கையேடுகள் அவற்றைச் சொல்வதில்லை.

முதலில் ஓர் அச்சுக் குறிப்பு. நூலகத்தின் பெயர்களையும் கட்டளைகளையும் நீங்கள் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்ச வேண்டும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தந்திருக்கிறேன். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

கடலூர் மாவட்டத்தில் பத்து தாலுகாக்கள்: கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி. இவற்றின் மழைப்பதிவு 'மழை' என்ற அட்டவணையில் இருப்பதாகக் கொள்வோம். தரவு வந்து சேர்ந்த வரிசையிலேயே வரிகள் நிற்கின்றன: குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், கடலூர், மற்றவை அதன்பின்.

இப்போது லாக் மூலம் ஒரு துண்டு கேட்கிறீர்கள்:

மழை.லாக்['குறிஞ்சிப்பாடி':'கடலூர்']

மூன்று வரிகள் வருகின்றன. அகரவரிசைப்படி கடலூர் முன்னால், குறிஞ்சிப்பாடி பின்னால். ஆனால் பாண்டாஸ் அதைப் பார்க்கவில்லை. இரண்டு பெயர்களும் அட்டவணையில் எங்கே நிற்கின்றனவோ அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ளதை அள்ளிக் கொடுத்துவிட்டது. அதே அட்டவணையில் 'கடலூர்':'சிதம்பரம்' என்று கேட்டால் ஒரு வரிகூட வராது, ஏனென்றால் சிதம்பரம் கடலூருக்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டு முறையும் பிழைச்செய்தி இல்லை. அந்தத் துண்டின் கூட்டுத்தொகையை எடுத்து அறிக்கையில் போட்டால் யாருக்கும் ஐயம் எழாது. பிழைச்செய்தி தரும் தவறு நல்ல தவறு. இப்படி அமைதியாகத் தவறான எண்ணைக் கையில் கொடுப்பதுதான் ஆபத்து.

தீர்வு ஒரு வரி:

மழை = மழை.சார்ட்_இண்டெக்ஸ்()

இனி 'கடலூர்':'சிதம்பரம்' கேட்டால் கடலூர், காட்டுமன்னார்கோயில், குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் என நான்கும் வரும். இன்னொரு வசதியும் சேர்ந்து கிடைக்கிறது. அட்டவணையில் இல்லாத பெயரையும் எல்லையாகக் கொடுக்கலாம். 'க':'ச' என்று கேட்டால் 'க' வரிசை ஊர்கள் மட்டும் வரும். வரிசைப்படுத்தாத அட்டவணையில் இதே கேள்விக்குக் கீஎரர்தான் பதில்.

இடப்பக்கம் 'மழை =' என்று எழுதியதைக் கவனியுங்கள். சார்ட்_இண்டெக்ஸ் பழைய அட்டவணையைத் தொடாது, வரிசைப்படுத்திய புதிய ஒன்றைத் தரும். அதை வாங்கி வைக்காவிட்டால் வேலை வீண். இன்பிளேஸ்=ட்ரூ என்று கொடுத்துப் பழையதையே மாற்றவும் வழி உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நோட்புக்கில் கட்டங்களை முன்னும் பின்னுமாக ஓட்டும்போது எது வரிசைப்பட்டது, எது படவில்லை என்ற கணக்கு தவறிவிடும். இண்டெக்ஸை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தால் அதற்குச் சார்ட்_வேல்யூஸ் என்பது கட்டளை. பைத்தான் பட்டியலுக்குச் செய்வதுபோல வெறும் சார்ட் என்று கேட்டால் டைப்எரர் வரும், ஏனென்றால் இண்டெக்ஸ் இருந்த இடத்திலேயே மாற்ற முடியாத பொருள். பழைய பாடங்களில் அட்டவணைக்கும் சார்ட், ஆர்டர் என்ற கட்டளைகளைக் காண்பீர்கள். அவை 2015-இல் வந்த 0.17 பதிப்போடு வழக்கொழியத் தொடங்கியவை. அந்தப் பாடங்களை மூடிவிடுங்கள்.

வேகத்துக்கும் இதில் பங்கு உண்டு. இண்டெக்ஸில் ஒரே பெயர் பலமுறை வந்து, அதுவும் கலைந்து கிடந்தால், ஒரு பெயரைத் தேட முழுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். வரிசையில் நின்றால் நடுவில் பார்த்து, பாதியைத் தள்ளி, மீண்டும் நடுவில் பார்த்து என்று பாதி பாதியாகக் குறைக்கலாம். பத்து லட்சம் வரிகளிலும் இருபது படிகளுக்குள் இடம் தெரிந்துவிடும். வரிசையில் இருக்கிறதா என்று பார்க்க மழை.இண்டெக்ஸ்.இஸ்_மோனோடானிக்_இன்கிரீசிங் என்று கேளுங்கள். ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் வரும். அட்டவணையைக் கோப்பிலிருந்து ஏற்றியதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் பல மணி நேரத்தை மிச்சமாக்கும்.

தேதிகள்

வரிசைப்படுத்துமுன் இண்டெக்ஸின் வகையைப் பாருங்கள். தேதி போலத் தெரிவதெல்லாம் தேதி அல்ல. நம் ஊர் வரலாற்றிலிருந்து நான்கு நாட்களை, நாம் எழுதும் வழக்கப்படியே நாள்-மாதம்-ஆண்டு என்று எழுத்துச்சரங்களாக இடுவோம்:

14-11-1956 நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடக்கம்
20-05-1957 நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது
26-12-2004 ஆழிப்பேரலை
30-12-2011 தானே புயல்

சார்ட்_இண்டெக்ஸ் கொடுத்தால் இதே வரிசை மாறாமல் வரும். காலவரிசையும் இதுதான். எல்லாம் சரி என்று தோன்றும். இப்போது வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய நாளைச் சேருங்கள்: 23-05-1867. மீண்டும் வரிசைப்படுத்தினால் அது மூன்றாவது இடத்தில், நேருவுக்கும் ஆழிப்பேரலைக்கும் நடுவில் போய் நிற்கும். கணினி ஆண்டைப் பார்க்கவே இல்லை. இடமிருந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதில் 20-க்குப் பிறகு 23, அதன்பின் 26. முதல் நான்கும் சரியாக வந்தது தற்செயல். சிறு மாதிரியைச் சோதித்துவிட்டுச் சரி என்று முடிவுக்கு வருவது தேதி விஷயத்தில் உதவாது.

எனவே முதலில் டு_டேட்டைம் மூலம் உண்மையான தேதியாக்குங்கள். அப்போது ஃபார்மேட்டையும் சேர்த்தே சொல்லுங்கள், நாள் முதலில், மாதம் அடுத்து, ஆண்டு கடைசியில் என்று. சொல்லாவிட்டால் பாண்டாஸ் ஊகிக்கும். 05-06-2023 என்பதை ஜூன் 5 என்று நாம் படிப்போம், அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 2.0 பதிப்புக்கு முன் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாக ஊகித்ததால் ஒரே நெடுவரிசையில் பாதி ஒருவிதம், பாதி வேறுவிதம் என்று கலந்துபோவதும் நடந்தது. இப்போது முதல் தேதியைக் கொண்டு ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்தது பொருந்தாவிட்டால் பிழை தருகிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் ஃபார்மேட்டை நீங்களே எழுதுவதற்கு ஈடாகாது. 1867 போன்ற பழைய ஆண்டுக்கு இடம் உண்டா என்று தயங்க வேண்டாம். நானோநொடித் துல்லியத்திலும் 1677 முதல் 2262 வரை பாண்டாஸுக்கு எல்லை.

மழை அட்டவணையிலும் தாலுகாவுக்குப் பதில் தேதியை இண்டெக்ஸாக்கி வரிசைப்படுத்தியபின் மழை.லாக்['2015-11':'2015-12'] என்று கேட்டால், கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்த அந்த வடகிழக்குப் பருவம் அப்படியே கைக்கு வரும். வரிசைப்படுத்தாத தேதி இண்டெக்ஸில், எல்லை நாள் பட்டியலில் இல்லையென்றால், 2.0 முதல் கீஎரர் வரும்.

ஒரே நாளில் பல பதிவுகள் இருந்து, அவை வந்த வரிசை கலையக்கூடாது என்றால் கைண்ட்='ஸ்டேபிள்' என்று சேருங்கள். இயல்பாக அமைந்திருக்கும் குவிக்சார்ட் முறை அதற்கு உறுதி தராது. தேதி விடுபட்ட வரிகள் கடைசியில் போய் நிற்கும். அவற்றை முதலில் பார்த்துத் திருத்த விரும்பினால் என்ஏ_பொசிஷன்='ஃபர்ஸ்ட்'. புதியது மேலே வர அசெண்டிங்=ஃபால்ஸ். இவை தேவைப்படும்போது தானாகப் பழகிவிடும்.

வட்டம் 2-க்கு முன் வட்டம் 10

நெய்வேலி நகரியத்தில் முகவரி என்றால் வட்ட எண்தான். வட்டம் 1, வட்டம் 2 என்று தொடங்கி இருபதைத் தாண்டி எண்கள் போகும். இந்தப் பெயர்களை இண்டெக்ஸாக வைத்து வரிசைப்படுத்தினால் வட்டம் 1, வட்டம் 10, வட்டம் 11 என்று போய், 19-க்குப் பிறகுதான் வட்டம் 2 வரும். காரணம் பழையதே, எழுத்தெழுத்தான ஒப்பீடு.

இதற்குக் கீ என்ற அளவுரு இருக்கிறது. 2020-இல் 1.1 பதிப்பில் வந்தது. ஒப்பிடும்போது மட்டும் பெயருக்குப் பதிலாக வேறொன்றை வைத்துப் பார்க்கச் சொல்வது இதன் வேலை. அட்டவணையில் பெயர் மாறாது. இங்கே பெயரிலுள்ள எண்ணை மட்டும் எஸ்டிஆர்.எக்ஸ்ட்ராக்ட் கொண்டு பிரித்து, முழு எண்ணாக்கித் தரும் சிறு செயற்கூற்றைக் கீயாகக் கொடுத்தால் போதும். பைத்தானின் சார்ட்டெட் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே கீ செயற்கூற்றுக்கு ஒவ்வோர் உறுப்பாக வரும். பாண்டாஸில் முழு இண்டெக்ஸும் ஒரே பொருளாக வரும், அதே நீளத்தில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். உறுப்பு உறுப்பாகத்தான் எழுத வருகிறது என்றால் உள்ளே மேப் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் அகரவரிசை

இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

பத்து தாலுகாக்களையும் வரிசைப்படுத்தியபோது எல்லாம் ஒழுங்காக வந்தன. இப்போது மற்ற ஊர்களையும் சேர்த்து 'ஊர்கள்' என்று ஓர் அட்டவணை வைப்போம். குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி, குமராட்சி. கணினி தரும் வரிசை: குமராட்சி, குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி. நம் பள்ளியில் கற்ற வரிசையில் ய ர ல வ ழ ள ற ன. ள-வுக்குப் பிறகுதான் ற. குள்ளஞ்சாவடி முன்னால் வர வேண்டும். அடுத்து பண்ருட்டி, பணிக்கன்குப்பம். தமிழ் அகராதியில் புள்ளி எழுத்து முதலில், உயிர்மெய் பிறகு. எனவே பண்ருட்டி முன்னால். கணினியோ பணிக்கன்குப்பத்தை முன்னால் வைக்கிறது.

கோளாறு பாண்டாஸில் இல்லை. அது யூனிகோடு எண்களை ஒப்பிடுகிறது. யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றினார்கள். அந்தத் தரம் இந்திய எழுத்துமுறைகள் அனைத்தையும் தேவநாகரியின் வரிசையில் அடுக்கியது. அதனால் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதற்கும் பின்னால் வ. ஆய்த எழுத்து அகரத்துக்கு முன்னால் போய்விட்டது. ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நுழைந்தது. புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்திய எண், ஆகவே கௌ-வுக்கும் பிறகு க். தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 குறியாக்கம் எழுத்துகளைத் தமிழ் வரிசையிலேயே அடுக்குகிறது. ஆனால் பாண்டாஸுக்கு வரும் கோப்புகள் யூனிகோடில்தான் வருகின்றன. எனவே வரிசையை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

வழி கடினமில்லை. உயிர் பன்னிரண்டுக்கு 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, மெய் பதினெட்டுக்கு நம் வரிசையில் 14 முதல் 31, பிறகு ஜ, ஶ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்கு 32 முதல் 36. மெய்யை ஒட்டி வரும் குறிக்கும் ஈரிலக்க எண்: புள்ளி 00, குறி எதுவும் இல்லாவிட்டால் 01, கால் 02, இகரக் குறி 03, இப்படி ஔகாரம் 12 வரை. தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் பின்னால் 00 சேர்த்துவிடுங்கள். சொல்லிடை வெளிக்கு 0000. இப்போது ஒவ்வோர் எழுத்தும் நான்கு இலக்கம். குள்ளஞ்சாவடி 1405 2900 என்று தொடங்கும், குறிஞ்சிப்பாடி 1405 3003 என்று தொடங்கும். 2900 சிறியது, ஆகவே குள்ளஞ்சாவடி முன்னால். பண்ருட்டி 2201 1900, பணிக்கன்குப்பம் 2201 1903. இதுவும் சரி. ஒரு சொல்லுக்கான இலக்கங்களை ஒட்டி ஒரே எழுத்துச்சரமாகத் தரும் செயற்கூற்றை எழுதி, 'அகரவரிசை' என்று பெயரிட்டு, கீக்குள் மேப் மூலம் கொடுங்கள்:

ஊர்கள்.சார்ட்_இண்டெக்ஸ்(கீ=லாம்டா இ: இ.மேப்(அகரவரிசை))

எண் சோடிகளாக, அதாவது டியூப்பிளாக, திருப்பித் தராதீர்கள். மேப் அவற்றைக் கண்டால் பல அடுக்கு இண்டெக்ஸாக மாற்றிவிடும், கீ குழம்பும். சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் வேலையை நீங்களே எழுத விரும்பாவிட்டால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது.

அதற்கு முன் பெயர்களைத் தூய்மைப்படுத்துங்கள். 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எஸ்டிஆர்.நார்மலைஸ் கட்டளையில் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால் ஒன்றாகிவிடும். ஸ்ரீமுஷ்ணம் இதைவிடத் தொல்லை தருவது. அதன் முதல் எழுத்தை ஸ கொண்டும் தட்டச்சலாம், ஶ கொண்டும் தட்டச்சலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். நார்மலைஸ் இதைச் சேர்த்துவைக்காது, ஏனென்றால் யூனிகோடுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். ஒன்றை மற்றொன்றாக நீங்களே மாற்ற வேண்டும். தொகுப்பதற்கான குரூப்பை கட்டளையைப் போட்டபின் ஒரே தாலுகா இரண்டு வரிகளாக நின்றால் முதலில் இங்கே பாருங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. அகரவரிசைக் கீ கொண்டு வரிசைப்படுத்திய ஊர்கள் அட்டவணையிடம் இஸ்_மோனோடானிக்_இன்கிரீசிங் கேட்டால் ஃபால்ஸ் என்றே பதில் வரும். பாண்டாஸ் அறிந்தது யூனிகோடு வரிசை மட்டும், அதன் பார்வையில் இந்த அட்டவணை கலைந்து கிடக்கிறது. 'க':'ச' போன்ற துண்டுகள் இதில் வேலை செய்யாது. ஆகவே கணக்கும் தேடலும் முடியும்வரை கீ இல்லாத வரிசையில் வைத்திருங்கள். அச்சிடும்போதும் பிறர் கையில் கொடுக்கும்போதும் அகரவரிசைக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் சாதிக்க முயல வேண்டாம். இன்னொன்று: குரூப்பை தன் முடிவைத் தானே யூனிகோடு வரிசையில் அடுக்கித் தரும். அதன்பின் மீண்டும் கீ கொடுத்தாக வேண்டும்.

வரிசையை நீங்களே வகுப்பது

சிலவற்றுக்கு அகரவரிசையே பொருளற்றது. தமிழ் மாதங்களை அகரவரிசையில் அடுக்கினால் ஆடி முதலில் வந்து நிற்கும். நெய்வேலி அனல்மின் நிலையங்களும் அப்படித்தான். உற்பத்தி தொடங்கிய வரிசையில் முதல் நிலையம் (2020-இல் மூடப்பட்டது) 600 மெகாவாட், இரண்டாம் நிலையம் 1470, முதல் நிலைய விரிவாக்கம் 420, இரண்டாம் நிலைய விரிவாக்கம் 500, புதிய நெய்வேலி நிலையம் 1000. அகரவரிசை 'இரண்டாம்' என்பதை முதலிலும் 'முதல்' என்பதைக் கடைசியிலும் வைக்கும். இதற்குக் கேட்டகாரிக்கல்இண்டெக்ஸ் சரியான கருவி. பெயர்களை வேண்டிய வரிசையில் ஒருமுறை பட்டியலிட்டு, ஆர்டர்ட்=ட்ரூ கொடுங்கள். பிறகு சார்ட்_இண்டெக்ஸ் அந்த வரிசையையே பின்பற்றும். மோனோடானிக் கேள்விக்கும் ட்ரூ என்று பதில் வரும், ஏனெனில் வரிசை இண்டெக்ஸுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பட்டியல் சிறியதாகவும் மாறாததாகவும் இருந்தால் அகரவரிசைக்கும் இதையே பயன்படுத்தலாம்.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் அது வெற்றுமதிப்பாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். காட்டுமன்னார்கோயில் என்று பட்டியலிட்டு, தரவில் காட்டுமன்னார்கோவில் என்று இருந்தால் ஒரு தாலுகாவே காணாமல் போகும். மாற்றியதும் இஸ்என்ஏ கொண்டு எண்ணிப் பாருங்கள்.

இரண்டு அடுக்குகள்

தாலுகா, தேதி என்று இரண்டு அடுக்கு இண்டெக்ஸ் வைத்தால் வரிசைப்படுத்துவது கட்டாயமே. செய்யாவிட்டால் துண்டு கேட்கும்போது அன்சார்ட்டட்இண்டெக்ஸ்எரர் வரும், சில இடங்களில் பெர்ஃபார்மன்ஸ்வார்னிங் வரும். எச்சரிக்கையை அடக்கிவைக்காமல் சார்ட்_இண்டெக்ஸ் போடுங்கள். லெவல்='தேதி' என்றால் தேதியை முதன்மையாக வைத்து அடுக்கும், ஒரே தேதிக்குள் தாலுகாவையும் அடுக்கும். அந்த இரண்டாம் அடுக்கல் வேண்டாமென்றால் சார்ட்_ரிமெய்னிங்=ஃபால்ஸ். கீ கொடுத்தால் அது ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே போய்ச் சேரும். தாலுகாவுக்கான அகரவரிசைக் கீ தேதியின் மேலும் பாயும். ஆகவே செயற்கூற்றுக்குள் அடுக்கின் பெயரைப் பார்த்து, தாலுகா என்றால் மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே திருப்பித் தாருங்கள்.

குறிஞ்சிப்பாடி கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். நெசவாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலோ, பள்ளியின் வருகைப் பதிவோ, ஊராட்சியின் வரிப் பதிவோ உங்கள் கையில் இருந்தால், இந்த அத்தியாயத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ள, ற, ன வரும் பெயர்களும் புள்ளி எழுத்து உள்ள பெயர்களும் எங்கே நிற்கின்றன என்று மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். அவை தமிழ் அகராதி வரிசையில் நின்றால் பெரும்பாலும் மற்றவையும் நிற்கும்.